ஒப்புக்குச் சப்பாணி: விளையாட்டில் பிள்ளைகள் கற்கும் மரியாதை

எங்கள் கொங்குப் பக்கத்தில், தத்தி நடக்கும் குழந்தையிடமும் "சாப்டீங்களா சாமி" என்றுதான் கேட்பார்கள். காங்கேயம், தாராபுரம், கோபி, பொள்ளாச்சி என எங்கே போனாலும் பேச்சின் வாலில் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டு வரும். 'சரீங்', 'இல்லீங்' என்று அது மூக்கொலியாகத் தேய்ந்தாலும் அதிலிருக்கும் மரியாதை தேயாது. வேலைக்காகக் கோவை வந்து குடியேறியவர்கள் முதலில் வியந்து சொல்வதும் இதைத்தான். இந்தப் பேச்சைக் கேட்டே வளர்கிற பிள்ளைகளுக்கு மரியாதையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

என் மகனுக்கு ஏழு வயதானபோது அந்த நம்பிக்கை உடைந்தது. பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பான், "வாங்க" என்பான், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான். சொந்தபந்தத்தில் அவனுக்கு நல்ல பெயர். ஒரு விடுமுறை நாளில், வீட்டு வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் என் தம்பி மகள் வெகுநேரமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வேப்பங்குச்சியில் வேலி, உள்ளே எருக்கம்பூவில் கோழிகள். இவன் ஓடிவந்து ஒரே மிதி. அவள் அழுததைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடினான். பிடித்து இழுத்துவந்து "சாரி சொல்லுடா" என்றேன். சொன்னான். என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மணல்வீட்டை மிதிக்கும் பையன் நமக்குப் புதியவன் இல்லை. தலைவனைக் குழந்தையாக வைத்துப் பாடும் ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்று சிற்றில். 'எங்கள் சிறு வீட்டைச் சிதைக்காதே' என்று சிறுமியர் அந்தக் குழந்தைத் தலைவனிடம் கெஞ்சுவதாகப் பாடுவார்கள். அந்தக் குறும்பை நூற்றாண்டுகளாக ரசித்துவந்திருக்கிறோம். கெஞ்சுகிற பிள்ளைகளின் குரலை அதே அளவு கவனித்தோமா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். என் மகனுக்கு மரியாதை தெரியாது என்று சொல்ல முடியாது. மேலே அண்ணாந்து பார்த்துக் காட்டும் மரியாதை நன்றாகவே தெரிந்திருந்தது. பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கத்தான் அவன் இன்னும் பழகவில்லை.

இந்த இரண்டும் வெவ்வேறு என்பதைப் பிள்ளைகளின் கோலிகுண்டு ஆட்டத்தை வைத்து விளக்கியவர் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே. ஜெனீவா, நியூஷாடெல் நகரங்களின் சிறுவர்களிடம் உட்கார்ந்து, 'எனக்கு இந்த ஆட்டம் மறந்துபோச்சு, நீ சொல்லிக்கொடு' என்று கேட்டார். அவர்கள் சொன்னதையும் ஆடியதையும் வைத்து 1932இல் தன் ஆய்வை வெளியிட்டார். நான்கைந்து வயதுப் பிள்ளைகள் சேர்ந்து ஆடுவதுபோல் தெரிந்தாலும் ஆளுக்கொரு ஆட்டம்தான் ஆடுகிறார்கள். ஒரே ஆட்டத்தில் எல்லாருமே ஜெயித்ததாகச் சொல்வார்கள். ஏழெட்டு வயதில் போட்டி தொடங்குகிறது. அதன்பிறகும் சில ஆண்டுகளுக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, தொடக்கூடாதது. பத்து வயதைத் தாண்டும்போதுதான், எல்லாரும் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம் என்ற எண்ணம் வருகிறது. பெரியவர்களுக்குப் பணிந்து வருவதை ஒருவழி மரியாதை என்றும், சமமானவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதைப் பரஸ்பர மரியாதை என்றும் பியாஜே பிரித்தார். முதலாவதை வீட்டிலேயே கற்றுக்கொடுத்துவிடலாம். இரண்டாவது சமமான ஆட்கள் இல்லாமல் வராது. அப்பா எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சமமான ஆள் ஆகமாட்டார்.

விளையாட்டுக்கு இந்த வேலையைச் செய்யும் பலம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்க உளவியலாளர் பீட்டர் கிரே இதற்குச் சொல்லும் காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது. விளையாட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வகுப்பறையிலிருந்து எழுந்து போக முடியாது. விளையாட்டில் "போடா, நான் வரல" என்று ஒருத்தன் போய்விட்டால் ஆட்டமே படுத்துவிடும். ஆகவே ஆட்டம் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளை, மற்றவர்களுக்கும் அது பிடித்திருக்கிறதா என்று கவனித்தே ஆகவேண்டும். பேட் தன்னுடையது என்பதற்காக எப்போதும் தானே பேட்டிங் பிடிக்கிறவன் ஒரு வாரத்தில் தனியாக நிற்பான். காய் விட்டவனிடம் மறுநாள் போய்ப் பழம் விட வேண்டியிருக்கும். அந்தப் பாடத்தை அவனுக்கு யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

கொங்கு நாட்டின் குடியிருப்பு முறையே இதற்கு ஒரு தனி உரம் போட்டிருந்தது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் பலருடைய வீடு ஊருக்குள் இருக்காது, தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில் இருக்கும். ஒரு சாளைக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலைந்து விளைகாடு கிடக்கும். சாயங்காலம் களத்தில் கூடுவது ஆறேழு பிள்ளைகள்தான். ஒருத்தனுக்குப் பதின்மூன்று, ஒருத்திக்கு ஒன்பது, இன்னொன்று மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கும் நாலு வயது. ஒத்த வயதுக்காரனைத் தேடினால் விளையாடவே முடியாது. இருக்கிறவர்களை வைத்துத்தான் ஆட வேண்டும். அக்காக்காரி விளையாட வந்தால் இடுப்பில் இருக்கும் தம்பியும் கூடவே வருவான். அவனை என்ன செய்வது?

அதற்குப் பிள்ளைகள் கண்டுபிடித்த ஏற்பாடுதான் ஒப்புக்குச் சப்பாணி. தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம்தான் என்றாலும், சாளைகளில் அது இல்லாமல் ஆட்டமே இல்லை. சப்பாணியைத் தொட்டாலும் அவன் அவுட் இல்லை. ஓடலாம், ஒளியலாம், கத்தலாம், கணக்கில் மட்டும் வரமாட்டான். கொஞ்சம் வளர்ந்ததும் "அவளுக்கு மூணு உசுரு" என்பார்கள். மூன்று தடவை தொட்டால்தான் அவுட். பிறகு இரண்டு. ஒரு நாள் யாரும் சொல்லாமலே ஒன்றாகிவிடும். கிரிக்கெட் வந்தபிறகு அதுவே "சின்னவனுக்கு மெதுவாப் போடு", "முத பால் அவுட் இல்ல" என்று உருமாறியது. இதில் எனக்கு வியப்பான விஷயம், பதின்மூன்று வயதுப் பையன் தன் முழு வேகத்தில் ஓடாமல் இருக்கக் கற்பதுதான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விட்டுக்கொடுப்பது சின்னவனுக்குத் தெரிந்துவிட்டால் அவனுக்கு ரோசம் வந்துவிடும். தெரியாமல் விட வேண்டும். அடுத்தவர் மனம் நோகாமல் உதவுவது பெரியவர்களுக்கே கைவராத வித்தை. களத்துமேட்டில் அதைத் தினமும் பழகுகிறார்கள்.

சப்பாணி என்ற சொல் பேச்சில் நடக்க முடியாதவரைக் குறிப்பது என்பதால் அது எனக்கு உறுத்தும். பிள்ளைத்தமிழிலும் ஒரு சப்பாணிப் பருவம் இருக்கிறது. அங்கே அதற்குப் பொருள் குழந்தை இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. கூட்டத்தோடு கைகொட்டிக்கொண்டிருக்கும் குழந்தை என்று எடுத்துக்கொண்டால் சொல் அழகாகிவிடுகிறது. நான் அப்படியே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

அணி பிரிப்பதிலும் இப்படி ஒரு நேர்த்தி உண்டு. உத்தி பிரிப்பது என்பார்கள். இரண்டு தலைவர்கள் நிற்பார்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகத் தோளில் கைபோட்டுத் தள்ளிப்போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "பூ வேணுமா, பிஞ்சு வேணுமா?" என்று கேட்பார்கள். எது யார் என்று தெரியாமல் தலைவன் ஒன்றைச் சொல்வான், அந்த ஆள் அவன் பக்கம். சோடி சேர்கிறவர்கள் பலத்தில் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இதன் உயிர். 'நீயும் நானும் ஒரே ஓட்டம்' என்று இரண்டு பிள்ளைகள் தங்களைத் தாங்களே எடைபோட்டு ஒத்துக்கொள்கிறார்கள். இன்று பள்ளிகளில் தலைவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கும் முறைதான் அதிகம். அதில் கடைசியாக நிற்கிற பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி உத்திக்கே போவார்கள். உத்தியில் கடைசி ஆள் என்று ஒருவரும் நிற்பதில்லை, கடைசிச் சோடிதான் இருக்கும்.

ஆட்டத்தில் இல்லாத ஆளுக்கும் விதியில் இடம் உண்டு. எங்கள் களத்தை ஒட்டிப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தக்காளி போட்டிருந்த வருஷம், "வெள்ளாமைக்குள்ள போனா அவுட்டு, அடிச்சவனே போய் எடுக்கோணும், வரப்பு மேலதான் நடக்கோணும்" என்று நாங்களே வைத்துக்கொண்டோம். அவர் ஒருமுறை சத்தம் போட்டது உண்மைதான். ஆனால் வரப்பு விதியை அவர் சொல்லவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்று "கார் மேல பட்டா அவுட்" என்று பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு அந்தத் தக்காளிக் காடு ஞாபகம் வரும்.

இன்னொரு வகை விளையாட்டு உண்டு. சொப்பு வைத்துச் சோறு பொங்குவது, டீச்சர் விளையாட்டு, பஸ் ஓட்டும் விளையாட்டு. ரஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி 1933இல் லெனின்கிராடில் ஆற்றிய உரையில், விளையாடும்போது குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக இருக்கிறது என்றார். நிஜத்தில் அக்கா தங்கையாகவே இருக்கும் இருவர், அக்கா தங்கையாக நடித்து விளையாடுவதை அவர் உதாரணம் காட்டினார். சும்மா இருக்கும்போது கிள்ளிக்கொள்கிறவர்கள், நடிக்கும்போது அக்கா எப்படி நடந்துகொள்வாள் என்று யோசித்து நடக்கிறார்கள். எங்கள் வீட்டில் பஸ் ஓடியபோது, கண்டக்டரான என் மகன் 'நின்னுட்டு வர்ற அம்மாவுக்கு எடங் குடுங்க' என்று பொம்மைக் கரடியை எழுப்பிவிட்டான். நிஜ பஸ்ஸில் அவன் அப்படி ஒருநாளும் எழுந்ததில்லை. இரண்டு மாதம் கழித்து எழுந்தான். இதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது.

நான்கு வயதுக்கு முந்தைய குழந்தையிடம் அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ளச் சொல்வதில் அர்த்தம் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1983இல் ஹைன்ஸ் விம்மர், ஜோசஃப் பெர்னர் இருவரும் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் அம்மா அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறார். திரும்பிவந்து அவன் எங்கே தேடுவான்? சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே மூன்று வயதுப் பிள்ளைகள் காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்று யோசிக்கும் திறன் நான்கு வயதையொட்டி மெல்ல வருகிறது. கண்ணாமூச்சியில் தன் கண்ணை மூடிக்கொண்டு ஒளிந்துவிட்டதாக நம்பும் குழந்தையைப் பார்த்தால் இது விளங்கும். அவள் ஒருநாள் சத்தமில்லாமல் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்றால், அடுத்தவர் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

தோற்றவரை நடத்தும் முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அம்மாயி, அம்மாவின் அம்மா. பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஆட்டம் ஏற ஏற ஒரு பக்கம் கொழுக்கும், மறுபக்கம் காயும். என்னிடம் ஐந்துக்கும் குறைவாக மிஞ்சினால் அம்மாயி எழுந்துபோக விடமாட்டார். "கஞ்சி காச்சு சாமி" என்பார். குழிக்கு ஒரே ஒரு கொட்டை போட்டு ஆடுவது. அவர் முந்தானை நிறையக் கொட்டை இருந்தாலும், எனக்கு எதிரே அவரும் ஒவ்வொன்றுதான் போடுவார். என்றைக்கும் வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் ஆட்டத்தை விட்டு என்னை வெளியேற்றியதும் இல்லை.

இந்த 'ங்க'வைப் பெருமையாகப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. நான் சிறுவனாக இருந்தபோது, பண்ணையத்துக்கு வந்த அறுபது வயதுப் பெரியவரை எட்டு வயதுப் பையன்கள் பெயர் சொல்லி "வாடா" என்று கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். அதே பையன்கள் தங்கள் உறவில் ஒரு வயது மூத்தவனுக்கும் 'ங்க' போட்டார்கள். யாருக்கு எது என்பதைச் சாதி சொல்லிக்கொடுத்திருந்தது. அந்தப் பெரியவரின் பேரன் என் வகுப்பு. சில்லாங்குச்சியில், அதாவது கிட்டிப்புள்ளில், அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அரசுப் பள்ளி மைதானத்தில் அவன்தான் எங்கள் அணித் தலைவன். அவன் கை காட்டும் வரை எங்கள் முறைக்காகக் காத்து நிற்போம். மணி அடித்து வீடு திரும்பினால், அவன் எங்கள் களத்துக்கு விளையாட வரமாட்டான். வரக்கூடாது என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். விளையாட்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் எழுதத் தயங்குவது அதனால்தான். ஆனாலும் பள்ளி மைதானத்தில் ஆடிய அந்த அரைமணி நேரம் இல்லாமல் போயிருந்தால், பெரியவரைக் கூப்பிட்ட அந்த "வாடா" தவறு என்று எனக்கு உறைக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

மைதானம் கொடுமையான இடமாகவும் மாறும். கறுப்பாக இருப்பவனுக்கும் திக்குகிறவனுக்கும் அங்கே பட்டப்பெயர் வைப்பார்கள், "உன்னைச் சேத்திக்க மாட்டோம்" என்பார்கள். சிகாகோவில் மழலையர் வகுப்பு நடத்திய விவியன் பேலி என்ற ஆசிரியை, 'நீ விளையாட வரக்கூடாது என்று யாரும் சொல்லக்கூடாது' என்று ஒரே ஒரு விதியைத் தன் வகுப்பில் கொண்டுவந்தார். அதற்கு முன் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டார். நியாயமான விதிதான், ஆனால் நடக்காது என்று பலர் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளிடம் அது நடந்தது. 1992இல் அந்த அனுபவத்தை அவர் புத்தகமாக எழுதினார்.

இதில் பெரியவர்கள் எங்கே நிற்பது? நான் எனக்கென்று வைத்திருக்கும் கோடு இது: சண்டை விதியைப் பற்றி என்றால் தலையிட மாட்டேன், ஆளைப் பற்றி என்றால் உடனே போவேன். "கோட்டைத் தொட்டுச்சு", "தொடல" என்று கால்மணி நேரம் கத்தினாலும் கத்தட்டும். அந்தக் கத்தலும் கல்விதான். யாராவது "அழுகுனி ஆட்டம்" என்று கோபித்துக்கொண்டு போனால், திரும்பக் கூப்பிட ஒருத்தி கட்டாயம் ஓடுவாள். அவள் ஓடுவதற்குள் நாம் புகுந்து தீர்ப்புச் சொன்னால் அந்த வாய்ப்பைக் கெடுத்துவிடுவோம். சாதி, நிறம், உடல்குறை, அப்பாவின் தொழில் என்று பேச்சு போனால் அது விளையாட்டே இல்லை. அங்கே சும்மா இருப்பது பெரியவர்களின் குற்றம். 'சாரி' சொல்லவைப்பதை நான் நிறுத்திவிட்டேன். "அவ ஏன் போயிட்டா கண்ணு? மறுபடி வரணும்னா என்ன பண்ணலாம்?" என்று கேட்பதோடு சரி. மணல்வீட்டு விஷயத்தில் இதைக் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அவன் பதில் சொல்லவில்லை, வேப்பங்குச்சி பொறுக்கப் போனான்.

விளையாட்டு என்ற இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இப்போது இடமும் நேரமும் சுருங்கிவிட்டன. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்வது நம் பள்ளிகளில் பழைய கதை. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்க எங்கள் ஊர்க்காரர்கள் கடன் வாங்கிக்கூட ஓடுவார்கள். மதிப்பெண்ணைக் கேட்கிற அளவுக்கு, சாயங்காலம் எவ்வளவு நேரம் விளையாட விடுவீர்கள் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. 1992இல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. கோவையில் பணம் கட்டிச் சேரும் பயிற்சி வகுப்புகள் நிறைய. அவை உடம்புக்கு நல்லவை. ஆனால் அங்கே கோடு போடுவது, அணி பிரிப்பது, தீர்ப்புச் சொல்வது எல்லாம் பயிற்சியாளர். ஒத்த வயதுப் பிள்ளைகள் மட்டும் சேரும் இடம் என்பதால் சப்பாணியும் இல்லை. கைப்பேசி விளையாட்டில் எதிராளி அழுவது தெரியாது.

கொங்கில் திரும்பித் தழைக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி. கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்ததைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஊர்களில் சாயங்காலப் பயிற்சிக்குப் போனால் ஆறு வயதும் அறுபது வயதும் ஒரே வட்டத்தில் நிற்பதைப் பார்க்கலாம். முன்னால் போகிறவர் வேகம் கூட்டினால் வட்டம் உடைந்துவிடும். பின்னால் வருகிறவரின் அடியைப் பார்த்துத்தான் தன் அடியை வைக்க வேண்டும்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய லைன் வீடுகளுக்கு முன்னாலும் அப்படி ஒன்றைப் பார்த்தேன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். பாதி எண்ணிக்கை தமிழில், பாதி இந்தியில். ஒரு சிறுவனின் குண்டு சாக்கடையில் விழுந்ததும், எதிரணியில் இருந்த பெண் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து அவன் முன்னால் உருட்டிவிட்டு "ஆடுங்க" என்றாள். அவனுக்கு அந்த 'ங்க' புரிந்ததா என்று தெரியவில்லை. ஆடினான்.

என் தம்பி மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன சித்திரை விடுமுறையில் கல்லா மண்ணா ஆடக் கூடியபோது, என் மகன் பழைய ஞாபகத்தில் "அவளுக்கு மூணு உசுரு" என்றான். "எனக்கு ஒண்ணு போதும், அந்த மூணையும் இவனுக்குக் குடு" என்று பக்கத்துத் தோட்டத்து நாலு வயதுப் பையனைக் காட்டினாள். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு "எனக்கும் ஒண்ணுதான்" என்றான். அதெப்படி, விதியை இப்படி மாற்றலாமா, அவன் விழுந்து அழுதால் யார் பொறுப்பு என்று ஆளாளுக்கு வழக்குப் பேச ஆரம்பித்தார்கள். நான் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்து மாடுகள் கட்டுத்தறிக்குத் திரும்பும் வரை ஆட்டம் தொடங்கவே இல்லை.